போர்ஷே 944க்கு லோப்ரோ சிவி ஜாயின்ட்: பொருள் நல்லதுதான், தேய்ந்தது அதுதானா?

1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944இல் பின்பக்கம் மொத்தம் நான்கு சிவி ஜாயின்ட், அதாவது கோணம் மாறினாலும் சுழற்சியைச் சீராகச் சக்கரத்துக்குக் கடத்தும் குண்டு வைத்த இணைப்பு. கியர்பாக்ஸை ஒட்டி இரண்டு, சக்கரத்தை ஒட்டி இரண்டு. டர்போ இல்லாத மேனுவல் கியர் வண்டியில் இதன் வெளி விட்டம் 100 மி.மீ., ஆறு எம்8 (8 மி.மீ.) போல்ட். அந்த அளவுக்கு லோப்ரோ என்ற ஜெர்மன் கம்பெனி விற்கும் மாற்று ஜாயின்ட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். டர்போ வண்டிக்காரர்கள் இதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். வெளி விட்டத்தையும் போல்ட் துளையையும் வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். இந்த விலைக்கு இதைவிட நம்பகமாகக் கிடைப்பது அரிது. ஆனால் 944இன் பின்னாலிருந்து "டொக்" என்று கேட்பதெல்லாம் சிவி ஜாயின்ட் அல்ல. நான்கு ஜாயின்ட்டையும் மாற்றி முடித்துவிட்டு, அதே சத்தத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புவது இந்த மாடலில் சர்வ சாதாரணம். ஆகவே பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த வண்டியின் அமைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். இரண்டையும் டார்க் டியூப் என்ற குழாய் இணைக்கிறது. அதற்குள் ஒரு மெல்லிய ஷாஃப்ட் பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. கிளட்ச் இன்ஜின் பக்கம் இருப்பதால், பெடலை மிதிக்காதவரை அந்த ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில்தான் சுழலும், சக்கர வேகத்தில் அல்ல. நோய் எங்கே என்று கண்டுபிடிக்க இதுவே பெரிய துணை.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலில் ஓடவிடுங்கள். கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது கரகரவென்றோ சிணுங்கலாகவோ சத்தம் கேட்டு, பெடலை மிதித்ததும் அடங்கினால், அது டார்க் டியூப் பேரிங், அல்லது கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் சிவி ஜாயின்ட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வண்டி நகராதபோது சிவி ஜாயின்ட் சத்தம் போட வழியே கிடையாது.

ஓட்டத்தில் வரும் சத்தத்துக்கு வேறு கணக்கு. 215/60 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டு முறைக்குச் சற்று மேல் சுழலும். அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். சத்தத்தின் தாளம் மாறவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்: சிவி ஜாயின்ட், சக்கர பேரிங், சக்கரம் மாட்டும் ஹப். கியர் மாற்றியதும் தாளம் மாறினால் கியர்பாக்ஸுக்கு முன்னால்.

முன்சக்கர டிரைவ் வண்டியில் பழகியவர்கள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, "டிக் டிக்" வருகிறதா என்று காது கொடுப்பார்கள். 944இல் அந்தச் சோதனை பாதிதான் உதவும். பின்சக்கரம் திரும்புவதில்லை, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் ஜாயின்ட்டின் கோணம் மாறும். இங்கே தேய்ந்த ஜாயின்ட் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் வேறு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பின்னிருக்கை வழியாக ஒரு நடுக்கம் ஏறி வரும். காலை எடுத்ததும் நின்றுவிடும். அல்லது மெதுவான வளைவில், வெளிப்பக்கச் சக்கரம் பாரம் தாங்கும் நேரத்தில், பவர் கொடுத்தால் டிக் டிக். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது ஒற்றை டொக். இந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிரேக் பேட் காலிப்பருக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தாலும் அச்சு அசலாக அதே டொக் வரும். ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் இழுத்து வைத்தபடி நகர்ந்து பார்ப்பதால் இங்கே பலனில்லை, அது தனி ஷூவைத்தான் பிடிக்கும். கால் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே நகருங்கள். சத்தம் காணாமல் போனால் பேடைப் பாருங்கள்.

இனி முக்கியமான குற்றவாளி. இந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் போட்டது நடுவில் ரப்பர் வைத்த கிளட்ச் தட்டு. வயதானால் அந்த ரப்பர் வெடித்துப் பிய்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது நடுத்தட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடிக்கும். குழாய் வழியாகப் பயணிக்கிற அந்தச் சத்தம் பின்னாலிருந்து வருவது போலவே கேட்கும். டார்க் டியூப் ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸோடு பிணைக்கும் கப்ளிங்கின் போல்ட் தளர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை.

இதைப் பிரித்தறிய செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்து சாவியை எடுத்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியர் போட்டு, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, விளிம்பில் எத்தனை மி.மீ. சும்மா ஆடுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பிறகு ஐந்தாவது கியர் போட்டு அதையே செய்யுங்கள். முதல் கியரில் இன்ஜின் பக்கத்துக்கும் சக்கரத்துக்கும் மொத்த விகிதம் சுமார் 14, ஐந்தாவதில் சுமார் 3. ஆட்டம் கிளட்ச் பக்கம் இருந்தால், முதல் கியரில் சுருங்கித் தெரிவது ஐந்தாவதில் பெருத்துத் தெரியும். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆட்டம் சிவி ஜாயின்ட்டிலோ ஹப்பிலோ டிஃபரன்ஷியலிலோ இருந்தால் இரண்டு கியரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கியர் பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியால் கொஞ்சம் வித்தியாசம் வரும். ஐந்து மடங்கோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

கிளட்ச் பக்கம் என்று தெரிந்துவிட்டால் இந்த விமர்சனத்தை இங்கேயே மூடிவிடலாம். கியர்பாக்ஸை இறக்கி, டார்க் டியூபைப் பின்னுக்கு இழுத்தால்தான் 944இன் கிளட்ச் வெளியே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை அல்ல. அந்த வேலையைச் செய்யும்போது ஸ்பிரிங் வைத்த தட்டாக மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பின்பக்கம்தான் என்றால், வண்டிக்கு அடியில் போகவேண்டும். ஜாக்கியை நம்பி அல்ல; ஸ்டாண்ட் போட்டு. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, நீங்கள் கட்டைவிரலை ஜாயின்ட்டின் வெளி வளையத்திலும் ஆள்காட்டி விரலை ஷாஃப்ட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பூட் எனும் ரப்பர் உறை குறுக்கே இருப்பதால் கை எட்டாது என்றால் இரண்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் பாருங்கள். கோடு முறிந்து முறிந்து சேர்ந்தால் அந்த ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. 32 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் ஐந்தரை மி.மீ. என்பது அச்சில் 1 டிகிரி. ஜாயின்ட்டுக்குள் குண்டுகள் ஓடும் வட்டத்தின் ஆரம் 3 செ.மீ. என்று வைத்தால் அந்த 1 டிகிரி அங்கே அரை மி.மீ. சிவி ஜாயின்ட்டுக்கு அரை மி.மீ. என்பது கிழவனின் பல் ஆடுகிற ஆட்டம்.

பலரும் கோட்டை விடும் இடம் இது: ஸ்டாண்டில் தூக்கியதும் சக்கரம் தொங்கும், ஜாயின்ட்டின் கோணம் கூடும். தேய்மானம் விழுவதோ வண்டி சாதாரணமாக ஓடும் கோணத்தில், குண்டுகள் ஓடும் தடத்தின் நடுப்பகுதியில். தொங்கும் நிலையில் குண்டுகள் தேயாத பகுதிக்குப் போய்விடுவதால் ஜாயின்ட் புதிது போல இறுக்கமாகத் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் ட்ரெயிலிங் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, சக்கரத்தை ஓடும் உயரத்துக்கு ஏற்றிவிட்டு ஆட்டிப் பாருங்கள். நாலு தூண் லிஃப்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆட்டம் வெளி ஜாயின்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தெரிந்தால் ஸ்டப் ஆக்ஸில் எனும், சக்கரத்தோடு இணையும் குட்டை ஷாஃப்ட்டின் நட்டையும் அதன் பல்வரிசையையும் சந்தேகியுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறது, வளைவில் உறுமல் கூடிக் குறைகிறது என்றால் சக்கர பேரிங். இவை தனி வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் ஜாயின்ட்தான் என்றால் கழற்றலாம். போல்ட் தலைக்குள் இருப்பது ஆறு முனை அலனா, பன்னிரண்டு முனையா என்று முதலில் பாருங்கள். பன்னிரண்டு முனைக்குள் அலன் கீயைத் திணித்தால் கதை முடிந்தது. தலை வழுக்கி, அதன்மேல் நட்டு வெல்டு வைத்து எடுக்க வேண்டிவரும். குழிக்குள் பல வருட மண்ணும் கிரீஸும் கல்லாக இறுகி இருக்கும். கூர்மையான கம்பியால் அடிவரை சுரண்டி, பிட்டைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்த பிறகே திருப்புங்கள்.

ஷாஃப்ட் கையில் வந்ததும் புது ஜாயின்ட்டை ஆர்டர் செய்ய ஓடாதீர்கள். பழையதைப் பிரித்துக் கழுவிப் பாருங்கள். பிரிக்கும் முன் கிரீஸை ஒரு துளி எடுத்து இரு விரலுக்கிடையே தேயுங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை, அது மாலிப்டினம். நறநறவென்று இருந்தால் பூட் கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி மினுக்குகிறதா, அது குண்டும் தடமும் உரசிக் கொட்டிய இரும்பு.

கழுவிய பின் ஆறு தடங்களையும் ஒவ்வொன்றாக விரல் நகத்தால் குறுக்கே வருடுங்கள். பளபளவென்று ஒரு பட்டை தெரிந்தாலும் நகம் எங்கும் தடுக்காமல் போனால் அந்த ஜாயின்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பட்டையின் ஓரத்தில் நகம் ஏறி இறங்கினால் படி விழுந்துவிட்டது. அம்மைத்தழும்பு போலக் குழிகள் இருந்தால் கடினப் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது, பேச்சே இல்லை. பழுப்பு நிறக் கறையைக் கண்டு பயப்பட வேண்டாம். கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தால் போவது காய்ந்த கிரீஸ். துடைத்தாலும் போகாத நீலம் என்றால் இரும்பு வெந்திருக்கிறது. கடைசியாக, குண்டை, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடான கேஜின் ஜன்னலில் வைத்து அழுத்துங்கள். லேசான பிடிப்போடு உட்கார வேண்டும். லொடலொடவென்று விழுந்தால் டிக் டிக் சத்தத்தின் ஊற்று அதுதான்.

படி விழாத, குழி விழாத ஜாயின்ட்டுக்குப் புது பூட், புது கிரீஸ், ஷாஃப்ட்டில் ஜாயின்ட்டைப் பிடித்து வைக்கும் வளையமான புது சர்க்ளிப் போதும். லேசாகத் தேய்ந்ததற்கும் ஒரு வழி உண்டு. முன்னோக்கி ஓடும்போது ஒவ்வொரு தடத்திலும் ஒரு பக்கச் சுவர்தான் பாரம் தாங்குகிறது. இடது ஷாஃப்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் தேயாத சுவர் வேலைக்கு வரும். இரண்டும் ஒரே நீளமா என்று அளந்துவிட்டுச் செய்யுங்கள். சிலர் அதே பக்கத்தில் ஷாஃப்ட்டை முனை மாற்றி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அதனால் பயனில்லை: முனை மாறும்போது சுழலும் திசையும் மாறுகிறது, தள்ளுவது யார் தள்ளப்படுவது யார் என்பதும் மாறுகிறது, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, பழைய சுவரே மீண்டும் பாரம் தாங்கும்.

சரி, புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை. லோப்ரோ என்பது லோர் அண்ட் புரோம்காம்ப் என்ற இரு பெயர்களின் தலைகளை ஒட்டியது. ஜெர்மனியின் ஓஃபன்பாக் ஊர்க் கம்பெனி, பின்னாளில் ஜி.கே.என். குழுமத்தில் சேர்ந்தது. ஜாயின்ட் குறுக்குத் தட வகை. ஷாஃப்ட் நுழையும் நடுப்பாகமான உள் குடத்திலும் வெளி வளையத்திலும் தடங்கள் எதிரெதிர்ச் சாய்வில் வெட்டியிருக்கும். அதனால்தான் கோணம் மாறும்போதே நீளமும் கூடிக் குறைய முடிகிறது. கையில் எடுத்து உள் குடத்தை உள்ளே வெளியே தள்ளிப் பாருங்கள். நல்ல ஜாயின்ட் கெட்டியாக, ஒரே சீரான எதிர்ப்போடு நகரும். எங்கும் தட்டாது, தானாக விழாது. முறுக்கிப் பார்த்தால் சும்மா ஆடும் அளவு கைக்குத் தெரியவே கூடாது. லோப்ரோவுக்குக் காசு கொடுப்பது இந்த ஒரே சீர்மைக்காகத்தான்.

குறை என்று சொல்வதானால் பெட்டி. உள்ளே என்ன வருகிறது என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். ஒன்றில் ஜாயின்ட் மட்டும், இன்னொன்றில் பூட்டும் கிரீஸும் சேர்த்து. ஆர்டர் போடும் முன் பொருள் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஜாயின்ட், தகரக் கழுத்து வைத்த பூட், கிளிப், சர்க்ளிப், குழிந்த வாஷர், கிரீஸ், ஆறு போல்ட். இதில் எது இல்லையோ அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள்.

போட்டிக்கு மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது பெயரில்லாத நகல். 100 மி.மீ. ஆறு போல்ட் ஜாயின்ட் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேனிலும் உண்டு. அந்தப் பாகங்களை வைத்து மணல்மேட்டு பக்கி வண்டிகள் கட்டும் கூட்டம் அமெரிக்காவில் பெரிது. ஆகவே நகலுக்குப் பஞ்சமே இல்லை. மைக்ரோமீட்டர் இருந்தால் ஆறு குண்டுகளையும் அளந்து பாருங்கள். மலிவு ஜாயின்ட்டின் குணம் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்று பெரிதாக இருந்தாலும் பாரம் முழுக்க அதன் தலையில் விழும். பக்கி வண்டிக்காகக் கேஜைக் குடைந்து கோணம் கூட்டிய ஜாயின்ட்டுகளும் இதே அளவில் விற்கின்றன. 944க்கு அந்தக் கோணம் தேவையே இல்லை. குடைந்த கேஜின் பலவீனம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, தடத்தைச் சாணை பிடித்துப் பெரிய குண்டு போட்ட ரீகண்டிஷன் ஷாஃப்ட். யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதைத் தாண்டிச் சாணை போய்விட்டால் சீக்கிரமே குழி விழும், வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது, ஜாயின்ட்டோடு வரும் முழுப் புது ஆக்ஸில். மாட்டுவது எளிது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் முதலாவது வகைதான். அசல் ஷாஃப்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இதை மாட்டுவது வீண்.

லோப்ரோவை மாட்டும்போது நடக்கும் தப்புகள் ஜாயின்ட்டைவிட ஆளைப் பொறுத்தவை. குறுக்குத் தட ஜாயின்ட்டில் தடங்களின் இடைவெளி ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறி மாறி வரும். கழுவப் பிரித்துவிட்டுத் திரும்பக் கோக்கும்போது வெளி வளையத்தின் அகல இடைவெளிக்கு நேரே குடத்தின் குறுகல் இடைவெளி வரவேண்டும். மாற்றிக் கோத்தால் குண்டுகள் உள்ளே போகும், ஜாயின்ட் அசையாது. பிரிக்கும் முன்பே மூன்று பாகத்திலும் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஒரு ஜாயின்ட்டின் குண்டை இன்னொன்றில் போடாதீர்கள். குடத்தின் பல்வரிசையில் சரிவு வெட்டிய பக்கம் ஷாஃப்ட்டை நோக்கி இருக்கட்டும். பூட்டையும் குழிந்த வாஷரையும் முதலில் ஏற்றுங்கள். ஜாயின்ட்டை அடித்து ஏற்றிய பிறகு பூட் மேசையில் கிடப்பதைப் பார்த்து அசடு வழிந்தவர்கள் நிறைய. ஏற்றும்போது அடி உள் குடத்தில்தான் விழ வேண்டும், கேஜில் படக்கூடாது. சர்க்ளிப் காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று கிளிப்பைச் சுற்றிலும் திருப்பிப் பாருங்கள்.

கிரீஸ் ஜாயின்ட்டுக்குச் சுமார் 90 கிராம். மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸ்தான். சக்கர பேரிங் கிரீஸ் இங்கே வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கை ஒரு பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அமுக்கி, மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். மீதி பூட்டுக்குள். நான்கு ஜாயின்ட்டுக்கும் 400 கிராம் குழல் ஒன்று போதும். கிளிப்பை இறுக்கும் முன் பூட்டின் கழுத்துக்குள் மழுங்கிய திருப்புளியை நுழைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பூட் பலூன் போல உப்பி மடிப்பில் கிழியும்.

போல்ட்டில்தான் பலருடைய வேலை கெடுகிறது. இறுக்கம் 42 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சோடு, எதிரெதிராக. ஆனால் அந்த இறுக்கம் நிற்க வேண்டுமானால் ஜாயின்ட் வந்து பொருந்தும் தட்டான கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சின் முகமும் ஜாயின்ட்டின் முகமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். முறுக்கு விசையைத் தாங்குவது இரண்டு முகங்களுக்கிடையே உள்ள பிடிப்பு. கிரீஸ் கசிந்து பிடிப்பு போனால் போல்ட் வெட்டுவிசை தாங்க ஆரம்பிக்கும், ஒவ்வொன்றாகத் தளரும், அல்லது தலை தெறிக்கும். ஃபிளாஞ்சின் துளைகளுக்குள்ளும் கரைப்பான் தெளித்துத் துடைத்துவிடுங்கள். இரண்டு போல்ட்டுக்கு ஒன்றாக வரும் பிறைத் தகடுகள் மூன்றையும் மறக்காமல் போடுங்கள். 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் அடியில் போய் இருபத்து நான்கு போல்ட்டிலும் ரென்ச்சை ஒரு முறை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்று போனாலும் கழற்றித் துடைத்துத் திரும்ப இறுக்குங்கள். மேலே ஒரு இழு இழுத்து விட்டுவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில் அதே டொக்.